மீன் ஐஸ்

கொடியேற்றத்துக்கு நான்கே நாள்தான் இருந்தது. சந்தனக்கூடு விழாவுக்குக் கொடி ஏறிவிட்டால், ஏர்வாடி தர்காவுக்கு வருகிறவர்களின் பஸ்களெல்லாம் கால்பந்து மைதானத்தில்தான் நிற்கும். கோடை மழையோ ஒரு வாரத்தை விழுங்கியிருந்தது. போட்டியில் மிச்சமிருந்த ஆட்டங்களை நான்கு நாளில் முடித்துவிடலாம் என்று கமிட்டி சொன்னதும், கேப்டன்களில் முதலில் தலையாட்டியவன் ஃபஹத். அவனுக்கென்ன, கோல்கீப்பர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஓடித் தேய வேண்டியவை மருதுபாண்டியின் கால்கள்.

மருதுபாண்டிக்கு நயினார்கோவில் பக்கம், விவசாயக் குடும்பம். கல்லூரியில் ஒன்றாக ஆடிய பழக்கத்தில் வருஷா வருஷம் ஃபஹத்தின் டீமுக்கு வந்து ஆடிக் கொடுப்பான். இந்தத் தடவை தயங்கினான். வருகிற வியாழக்கிழமை சென்னையில் ஒரு வங்கி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். தேறினால் வேலையும் நிச்சயம். வயது வரம்பின்படி அவனுக்கு இதுதான் கடைசி வருஷம்.

"செமி ஃபைனல் வரைக்கும் ஆடு மாப்ள, போதும்" என்று ஃபஹத்தான் கெஞ்சி அழைத்து வந்தான்.

முதல் இரண்டு நாளும் தினம் ஒரு ஆட்டம்தான். மூன்றாம் நாள் காலையில் ஒன்று, மாலையில் செமி ஃபைனல். ஜெயித்துவிட்டு இருவரும் ஃபஹத்தின் வீட்டுக்கு வந்தார்கள். அவன் மனைவி ஜஸீலா கணவனைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"மச்சான், அவரு சுவத்தப் புடிச்சிக்கிட்டு ஒருச்சாய்ஞ்சு படி எறங்குறாரு. சோறுகூட எறங்கல. நாளைக்கி அவர விட்டுருங்க."

"ஃபைனலு ஒண்ணுதானே. தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்."

ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தத் தாராளம்தான் இதுவும்.

மறுநாள் மைதானத்தில் மருதுபாண்டியே வாய்விட்டுச் சொன்னான்.

"பின்தொடையில சுருக்கு சுருக்குன்னு இழுக்குது மாப்ள. வேகமெடுத்தா பிச்சிக்கும் போல. இன்னிக்கு உக்காந்துக்கிறேனே."

ஃபஹத்தின் குடும்பம் படகுகளுக்கு ஐஸ் போடுகிற குடும்பம். எந்த உபாதைக்கும் அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். கொண்டுவந்திருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸைத் தன் கையாலேயே உடைத்து, சாக்கில் பொதிந்து தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டினான்.

"நாலு நாள் கடல்ல கெடக்குற மீனே ஐஸ்ல கெடாம வருது. ஒன் தொடை ஒரு மணி நேரம் தாங்காதா?"

டீமே சிரித்தது. மருதுபாண்டியும் சிரித்துவிட்டான். அரை மணி கழித்துத் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "ஒண்ணுமே தெரியல மாப்ள" என்றான். அதை நல்ல சேதியென்று எடுத்துக்கொண்டான் ஃபஹத். இடைவேளையிலும் ஒரு கட்டுப் போட்டுவிட்டான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது மருதுபாண்டி பந்தைத் துரத்தினான். பக்கத்தில் எவனும் இல்லை, எவனும் இடிக்கவும் இல்லை. அப்படியே மடங்கி விழுந்தான். ஃபஹத் கோல் கம்பத்தை விட்டு ஓடினான்.

"வலிக்குதா?"

"இல்ல மாப்ள, வலியே இல்ல. எந்திரிக்கத்தான் முடியல."

ஃபஹத் தொடையைத் தொட்டான். சதை இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே போனது. யா அல்லாஹ், நான்தான் இதைச் செய்தேன் என்று அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு கோலில் ஜெயித்தார்கள். வெடிச் சத்தம் கேட்கும்போது ஐஸ் வண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தது. பாதி வழியில் தொடையின் மரமரப்பு விட்டது. மருதுபாண்டி பல்லைக் கடித்தான். பிறகு அதுவும் முடியாமல் வாய்விட்டு அலறினான்.

"மாப்ள, வியாழக்கிழம..." என்று தொடங்கினான்.

"தாங்க முடியலடா. அந்த ஐஸக் கொஞ்சம் எடுத்து வையேன்."

பெட்டி ஃபஹத்தின் காலடியிலேயே இருந்தது. திறந்தான். காலையில் உடைத்துப் போட்டது பாதிக்கு மேல் கரையாமல் கிடந்தது. அவன் கை உள்ளே போகவில்லை.

"ஏலே, வையிடா!" என்று மருதுபாண்டி கத்தினான்.