பத்தாம் வளைவுக்கு மேலே

பத்தாவது கொண்டை ஊசி வளைவில் ஜீப் குறுக்கே நின்றது. மூடுபனியில் அதன் விளக்குகள் இரண்டு மஞ்சள் கறைகளாகத் தெரிந்தன. மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து பொன்முடி உச்சிவரை எங்கள் அலுவலகம் வருடாவருடம் நடத்தும் ஓட்டத்தில், அந்த 1998இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்திருந்தார்கள். ஐந்து பேர். நான்கு பேர் ஏற்கனவே ஜீப்புக்குள் இருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதில், கடைசியாக வந்தவள் நான்.

விளையாட்டுக் குழுச் செயலர் அனந்தபத்மநாபன் இறங்கி வந்தான். நகரத்தில், வலியசாலையில் எங்கள் தெருக்காரன், என்னைவிடச் சின்னவன்.

“மாமி, ஏறுங்கோ. லேடீஸுக்கு இத்தோட மதி, போதும். மேலே ஒண்ணும் காணலை.”

“ஜென்ட்ஸ்?”

“அவா போயிட்டா.”

“அவாளுக்கு மட்டும் பனி வழி விடறதாக்கும்.”

ஜீப்புக்குள் யாரோ சிரித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

“விழுந்து வெச்சேள்னா மாமாகிட்ட நான் என்ன சமாதானம் சொல்றது?”

“அதை நான் சொல்லிக்கறேன்.”

“அப்போ நம்பரைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்கோ.”

எண் எழுதிய துணி என் மார்பில் ஊக்கால் குத்தப்பட்டிருந்தது. “எடுத்துக்கோ” என்றேன். அவன் கை நீளவில்லை. ஜீப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

உண்மையில், ஏறிவிடு என்று கால்கள் கெஞ்சின. இருபது வருடங்களாக மற்றவர்கள் எனக்காகப் பயந்து பயந்து, அந்தப் பயம் எனக்குள்ளும் குடியேறியிருந்தது. எது என்னுடையது, எது அவர்களுடையது என்று பிரிக்கத் தெரியாமலேயே ஓடினேன். நான்கடிக்கு மேல் சாலை தெரியவில்லை. நான்கடி போதுமாக இருந்தது.

பதினெட்டாவது வளைவைத் தாண்டியதும் பனி முடிந்தது. ஓட்டைப் பிரித்துக் கூரைக்கு மேல் தலையை நீட்டியதைப் போல இருந்தது. சுள்ளென்ற வெயில். நகரமும் கடலும் ஜீப்பும் வெள்ளைக்கு அடியில் கிடந்தன. முகடுகள் மட்டும் நனையாமல் நின்றன. மகிழ்ச்சிக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. மேலே வந்து பார்க்காமலேயே ‘ஒண்ணும் காணலை’ என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் நம்பிக்கொண்டேதான் ஏறியிருக்கிறேன்.

உச்சியில், நேரம் குறிக்கும் மேசையருகே பியூன் வேல்சாமி எழுந்து நின்றான்.

“யக்கா, லேடீஸ் கேன்சல்னு வயர்லெஸ்ல சொல்லிட்டாவ. ஒங்க பேர வெட்டச் சொன்னாவ.”

“மணி என்ன, வேல்சாமி?”

தயங்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். “எட்டு இருவத்தாறு.”

“எழுது.”

“செக்ரட்டரி சாரு திட்டுவாருக்கா.”

“வெட்டணும்னு தோணினா, அவர் கல்லாறிலேர்ந்து ஓடி வந்து வெட்டட்டும். நீ எழுது.”

அவன் பேனாவைத் திறந்தான். என் பெயருக்கு நேரே கடைசி எண் விழும்வரை நான் அந்தத் தாளைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.