நாற்காலி வேண்டாத தலைவர்

ஆறு வருஷமாக அமெரிக்காவில் சன்னிவேல் தமிழ்ச் சங்கத்தின் தலைவராக இருந்த நஞ்சுண்டன் மூன்றாம் முறை நிற்க விதியில் இடமில்லை. விதியை எழுதியவரே அவர்தான். அடுத்தவனை மடக்க எழுதியது, அவர் தலையிலேயே வந்து விழுந்தது. நாலு பேர் "தலைவரே" என்று கூப்பிடாவிட்டால் மனிதருக்குக் காப்பி இறங்காது. பொங்கல் மேடையின் நடு நாற்காலியில் இனி வேறு யாரோ என்பதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

கம்பெனி பஸ்ஸில் படித்த டெங் சியாவோபிங்கின் வாழ்க்கை வரலாறு கை கொடுத்தது. கட்சி மூன்று முறை தூக்கியெறிந்தும், டிராக்டர் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்க்கவிட்டும், எழுந்து வந்த சீனத் தலைவர். கூட்டுப் பண்ணையில் தூங்கி வழிந்த விவசாயி, அரசுக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை விற்றுக்கொள்ளலாம் என்றதும் விளைச்சல் எகிறியதாம். நஞ்சுண்டன் பென்சிலால் கோடு போட்டது வேறு இடத்தில். அதிபராகவோ பிரதமராகவோ ஒருநாளும் இருக்காமலே, நாட்டையே ஆட்டிவைத்தாராமே!

"நீதாம்மா இனி தலைவி. நான் பின்னாடி இருந்து மேனேஜ் பண்ணிக்கறேன்" என்று, வாய் திறக்காத பொருளாளர் ஸ்வர்ணாவைப் பிடித்து நிறுத்தினார். வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின் பொறுப்பைக்கூட அவளுக்கே கொடுத்துவிட்டு, தான் வெறும் உறுப்பினர் ஆனார். மகான்களுக்குப் பதவி எதற்கு?

முதல் உத்தரவு பொங்கல் விருந்து பற்றி. நாற்பது குடும்பமும் பொதுவுக்குச் சமைத்து வரவேண்டும் என்பது வழக்கம். போன வருஷம் முப்பத்தொரு வீட்டிலிருந்து தயிர்சாதம் வந்தது.

"வீட்டுக்கு ஒரு ட்ரே சங்கத்துக்கு. மிச்சத்த அவங்கவங்க ஸ்டால் போட்டு சேல் பண்ணிக்கட்டும்."

"சூப்பர் ஐடியாங்கண்ணா" என்றாள் ஸ்வர்ணா.

அடேயப்பா, விருந்து களைகட்டிவிட்டது! ஒப்புட்டு என்ன, அரிசிம்பருப்பு சாதம் என்ன! கட்டின புருஷனுக்குப் பதினைந்து வருஷமாக ஒரு பஜ்ஜி போடாத வசந்தாமணி, முந்நூறு பஜ்ஜி போட்டு அரை மணியில் விற்றுத் தீர்த்தாள். ஊரே ஸ்வர்ணாவைக் கொண்டாடியது. நஞ்சுண்டன் தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பார்த்தார். ஒருத்தரும் திரும்பவில்லை.

மேடையில் ஐந்து நாற்காலி. ஐந்திலும் ஆள்.

"என் சேர் எங்கம்மா?"

"பொறுப்புல இருக்கறவங்க மட்டுந்தான் ஸ்டேஜ்லன்னு கமிட்டில பாஸ் பண்ணிட்டோங்கண்ணா. நீங்கதான் போஸ்ட்டே வேண்டாம்னுட்டீங்களே!"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சீர்திருத்தம் யார் மூளையில் உதித்தது என்று குரூப்பில் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான் என்று போனை எடுத்தார். அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்றது போன்.

"என்னம்மா அநியாயம் இது?"

"தேவையில்லாத ஃபார்வர்ட் நிறைய வந்துச்சுங்கண்ணா. எனக்கு அனுப்புங்க, பாத்துட்டுப் போடறேன்."

வேறு வழி? கூட்டுச் சமையலின் சீரழிவில் தொடங்கி, "இத்தனைக்கும் வித்திட்டவர் நஞ்சுண்டன்" என்று முடித்து, இரண்டு பக்கத்துக்கு எழுதி அவளுக்கு அனுப்பினார். பத்து நிமிஷத்தில் குரூப்பில் வந்துவிட்டது. எழுத்துப் பிசகாமல் அவருடைய வரிகள்தான். கடைசி வரியை மட்டும் காணோம். கீழே 'ஸ்வர்ணா, தலைவர்' என்று இருந்தது.

முப்பத்தொன்பது குடும்பங்கள் கைதட்டியிருந்தன. முதல் கைதட்டல் வசந்தாமணியுடையது.