கோட்டுக்குள் ஒரு குப்பி

மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் ஜிபார் இடது கையைக் கோட்டுக்குள்ளிருந்து எடுக்கவில்லை. உள்ளே, உடம்போடு சேர்த்துத் துணியால் கட்டிய சின்ன பிளாஸ்டிக் குப்பி இருந்தது. அதற்குள் ரோஜா நிறத் திரவம். அதன் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு, அவள் அப்பா சகின்பெக்கின் தோல் செல்கள் உயிரோடு இருந்தன. அப்பா நேற்றுக் காலையில் இறந்துவிட்டார்.

நேற்று அப்பாவின் மையித்தை வீட்டு முன்னால் போட்ட கம்பளிக் கூடாரத்தில் கிடத்தியதுமே அண்ணன் ஏர்கின் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உன் லேப்ல அப்பாவோட தோல் இருக்குல்ல? போய் எடுத்துட்டு வா."

"அண்ணே, அது..."

"நகம், முடி, விழுந்த பல்லு, எல்லாம் அவரோடயே போகணும். முல்லா கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

அவன் கண்கள் வீங்கிப்போயிருந்தன. அவனோடு என்னத்தை வாதாடுவது? தலைநகர் பிஷ்கெக்குக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இருந்தது இந்த ஒரு குப்பிதான். உறையவைத்திருந்த மற்றவையெல்லாம் கோடையில் கரண்ட் போய்ப் போய்க் கெட்டுவிட்டன.

செல்லுக்குள் இருக்கும் திரவம் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுக்கு லேபில் வேலை. யூரோப்பியம் என்ற உலோகத்தை வைத்துச் செய்த மருந்தைச் செல்லுக்குள் செலுத்தி, புற ஊதா விளக்கை அடித்து அணைத்தால் மருந்து சிவப்பாக ஒளிரும். உள்ளே நீர்த்திருந்தால் அந்த ஒளி சட்டென்று அணைந்துவிடும். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் தயங்கி அணையும். அந்தத் தயக்கத்தைக் கருவி அளந்து சொல்லும். வயதானவர் ஒருவரின் செல் வேண்டும் என்று கேட்டபோது, கணவாய்ச் சாலைகளிலேயே லாரி ஓட்டி வயதான அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"எடுத்துக்க. இத்தன வருஷம் படிச்சு, டீயா கஞ்சியான்னு பாக்கற வேலையா உனக்கு?"

முதல் தடவை அளந்தபோது ஒளி அணைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துபோய் அழுதுகொண்டே போன் செய்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் செல்கள் இருந்த தட்டை எங்கே வைத்திருந்தோம் என்று உறைத்தது.

"ஜன்னலோரமா வெச்சுட்டேம்ப்பா. குளிர்ந்துபோச்சு."

"குளிருல டீசலே கட்டிப்போகும், மக்கு. நான் கட்டிப்போக மாட்டேனா?" அந்தப் பக்கம் அவர் கறியை மென்றுகொண்டே சிரித்தார். அதன்பிறகு வீட்டுக்கு யார் டீ குடிக்க வந்தாலும் இந்தக் கதைதான்.

பிறகு அப்பாவுக்கு உண்மையாகவே ஈரல் கெட்டபோது, கையிலிருந்து எடுத்த அந்தச் செல்களுக்கு அது தெரியவேயில்லை. ஒளி எப்போதும்போல அணைந்தது. ஜிபாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. இப்போது அவற்றையும் மண்ணில் போடவேண்டும்.

வீட்டு வாசலில் ஆண்கள் வழக்கப்படி கோலூன்றிக் குனிந்து நின்று அழுதார்கள். பின்கட்டிலிருந்து ரொட்டி பொரிக்கும் எண்ணெய் வாசனை வந்தது. கம்பளிக் கூடாரத்துக்குள் பனிக்காலம் அப்படியே உட்கார்ந்திருந்தது. மையித்து இருக்கும்வரை அங்கே அடுப்பு மூட்டுவதில்லை. குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றியாகிவிட்டது. தலைப்பக்கம் மட்டும் இன்னும் முடிச்சுப் போடவில்லை. அம்மா புருல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து எழுந்திருக்கவில்லை.

குப்பியைச் சுற்றிக் கஃபனுக்குள் வைக்க ஏர்கின் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் கையில் வைத்திருந்தான்.

"குடு."

ஜிபார் குப்பியை வெளியே எடுத்தாள். அவன் வாங்குவதற்குள் அம்மா கை நீட்டினாள்.

"இதுவா?"

"ஆமாம்மா."

அம்மா அதைத் தூக்கிப் பார்த்தாள். "வெளிச்சம் வரும்னு சொல்லுவாரே."

"மருந்து போட்டாத்தாம்மா வரும். இதுல போடல."

"சூடா இருக்கு."

"உடம்போட வெச்சு எடுத்துட்டு வந்தேன்."

"உசிரோட இருக்கா?"

"இருக்கும்மா."

ஏர்கின் துணியை இன்னும் கொஞ்சம் நீட்டினான். "அம்மா, வெளிய காத்துட்டு இருக்காங்க."

அம்மா அவனைப் பார்க்கவில்லை. "இதக் குளிருல விட்டா என்னாகும்?"

"கட்டிப்போகும். அப்புறம் செத்துரும்."

அதற்கு மேல் ஜிபார் எதுவும் சொல்லவில்லை. கதகதப்பில் வைத்துக் காப்பாற்றினாலும் அவை இன்னும் சில தடவைதான் பெருகும், பிறகு தாமாகவே நின்றுவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

அம்மா கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினாள். குப்பியை உள்ளே, மார்போடு வைத்துப் பொத்தானை மறுபடி போட்டாள்.

"நேத்துலேர்ந்து அந்த மனுஷன இந்தக் குளிருல படுக்க வெச்சிருக்கேன். போதும்டா."

"முல்லா கேட்டா?"

"என்கிட்ட கேக்கச் சொல்லு."

ஏர்கின் அந்தத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, அப்பாவின் தலைமாட்டில் முடிச்சைப் போட்டான்.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் கல்லறைக்குப் போகும் வழக்கமில்லை. வாசலிலேயே நின்று, சாலை திரும்பும் இடம்வரை பார்த்து ஒப்பாரி வைத்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா எல்லோருக்கும் வலது தோளை மட்டும் கொடுத்தாள். இடது கை கோட்டின் மேல் பொத்தியபடி இருந்தது.