பல்லின் உட்பக்கம்

சோடாவாக இருக்கட்டும். எலுமிச்சைச் சாறாக, வேறு எந்தக் கண்றாவியாக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். முன்பக்கம் மட்டும் அரித்திருந்தால் போதும்.

கையுறையை மாட்டும்போது பல் மருத்துவர் இப்படித்தான் வேண்டிக்கொண்டாள். நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்தவள் அவளுடைய அக்கா மகள் சிட்டு. பதினாறு வயது. பல் கூசுகிறது, ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று அக்காதான் இழுத்து வந்திருந்தாள்.

“கூல்டிரிங்ஸ் பக்கமே போகமாட்டாடி. சாப்பிட்ட கை காயறதுக்குள்ள பாத்ரூமுக்குப் போய்ப் பல்லு தேய்ச்சிடுவா. அப்படியே உன் புத்தி.” அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. “வெள்ளிக்கிழமை துணிக்கடை விளம்பரத்துக்கு இவளைப் படம் எடுக்கறாங்க. முன்னாடி நாலு பல்லுக்குப் பளிச்சுன்னு உறை போட்டு விட்டுடு. ஊரார் வாயைப் பாத்தே பொழைக்கிறவ, அக்கா பொண்ணுக்குச் செய்யமாட்டியா?”

சிரிக்க வேண்டிய இடம். நல்லவேளை, முகமூடி இருந்தது.

சிறு கண்ணாடியை மேல்பற்களுக்குப் பின்னால் சாய்த்துப் பார்த்தாள். முன்பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. உட்பக்கம் வழவழவென்று தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. வயிற்றிலிருந்து ஏறி வந்த அமிலம். போன மாதம் சிட்டு விருந்துக்கு வந்த அன்றும் இவள் வீட்டுப் பாத்ரூமில் குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் வீணாகிறதே என்று மட்டும்தான் அன்றைக்கு நினைத்திருந்தாள்.

“அக்கா, கொஞ்சம் வெளிய உக்காரு.”

அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனதும் கேட்டாள். “நெஞ்செரிச்சல் இருக்காடி?”

சிட்டு இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்போ நீயா வாந்தி எடுக்கிறியா?”

சிட்டு மேலே எரிந்த விளக்கையே பார்த்தாள். “உடனே தேய்ச்சுட்டா பல்லுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன் சித்தி.”

“அமிலம் பட்டா பல்லு இளகிப்போகும். அந்த நேரத்துல தேய்க்கிறது சுரண்டி எடுக்கிற மாதிரி. தண்ணியால கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரம் பிரஷ்ஷைத் தொடக்கூடாது. கூச்சத்துக்கு ஃப்ளோரைடு பூசலாம். ஆனா எனக்குப் பயம் பல்லைப் பத்தி இல்ல.”

மணிக்கட்டைப் பிடித்தாள். கை சில்லிட்டிருந்தது. நாடி ஓடி, தடுக்கி, மறுபடி ஓடியது. வாந்தியோடு உடம்பின் உப்புச்சத்து போனால் இதயம் இப்படித்தான் தடுமாறும்.

“படபடன்னு வருதா?”

“படியேறும்போது மட்டும்.” சிட்டு அவள் கையைப் பற்றிக்கொண்டாள். “உறை மட்டும் போட்டுடுங்க. படத்துல ஒல்லியாத் தெரியணும்னுதான். வெள்ளிக்கிழமையோட விட்டுடுறேன், சத்தியமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி.”

உறை போட்டால் உட்பக்கம் யாருக்கும் தெரியாது. இந்த நாடியும்தான்.

கதவு கொஞ்சம் திறந்தது. அக்கா தலையை நீட்டினாள். “முடிஞ்சுதா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆயிடுமில்ல?”

மருத்துவர் மணிக்கட்டை விடவில்லை. மறு கையால் முகமூடியை இறக்கிவிட்டு, முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள்.

“கதவைச் சாத்திட்டு வந்து உக்காருக்கா.”