வண்டிக்கு எழுதிய நாலு வரி

அந்த நகராட்சிக்குச் சொந்தமாக ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பிணவண்டி, ஒரு கவிஞர் உண்டு. மூன்றில் கவிஞரை மட்டும் யாரும் அவசரமாகக் கூப்பிட்டதில்லை.

ஆனாலும் அவர் பதவியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊருக்குள் கவிதையைப் பரப்ப வேண்டும் என்று நியமன ஆணையில் போட்டிருந்தது. மக்கள் கவிதையைத் தேடி வரமாட்டார்கள் என்பது தெரிந்த விஷயம். ஆகவே மக்கள் ஓட முடியாத இடங்களாகப் பார்த்துக் கவிதையை மாட்டினார்: பேருந்து நிலையம், வரி கட்டும் வரிசை, பல் டாக்டர் நாற்காலிக்கு எதிர்ச்சுவர். பேருந்து நிலையத்துக்கு எழுதியது இது:

காத்திரு, கலங்காதே;
தடம் திரும்பும்.
புழுதி கிளப்பி வரும்
உனக்கான வண்டி.

அரசு மருத்துவமனைக்கும் ஒரு பலகை கேட்டார்கள். மறுநாளே அச்சுக்குப் போக வேண்டும் என்றார்கள். கவிஞர் மருத்துவமனைக்குப் போய்ப் பார்க்கவில்லை. வண்டியை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினார்.

காத்திரு, கலங்காதே;
கதவு திறக்கும்.
கைவீசி வருவார்
உனக்கானவர்.

அதை அறுவை அரங்கின் வாசலுக்கு நேரெதிரே நாலு திருகாணி போட்டு மாட்டினார்கள். திறப்பு விழாவில் நகராட்சித் தலைவர் கைதட்டினார். நோயாளிகள் தட்டவில்லை. பலருக்குக் கையில் ஊசி குத்தியிருந்தது.

இப்போது அந்தப் பலகைக்குக் கீழேதான் கவிஞர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய அக்கா. காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளை நேரே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

தள்ளுபடுக்கையில் போகும்போது அவள் நிறுத்தச் சொன்னாள். கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடியைத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டு பலகையைப் படித்தாள்.

"கை வீசிக்கிட்டா வரணும்? ஊசி போட்ட கையை எப்படிடா வீசுறது?"

"அக்கா, பேசாம போ."

"வந்து வச்சுக்கறேன் உன்னை," என்று சொல்லிக் கண்ணாடியைக் கணவரிடம் நீட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

அக்காவின் கணவருக்குப் பம்பு செட் பழுது பார்க்கும் தொழில். மச்சானின் கவிதையை அவர் வாழ்நாளில் ஒரு வரி படித்ததில்லை. "நல்லாத்தான் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இன்றைக்குப் போக்கிடம் இல்லை. கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து படித்தார். முடிந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"நீ எழுதினதுதானே இது?"

"ஆமா மாமா."

"சும்மா எழுதியிருக்க மாட்டே. நாலு பேரைப் பார்த்து, டாக்டருங்ககிட்ட விசாரிச்சுத்தானே எழுதியிருப்பே?"

 வண்டிக்கு எழுதியது என்று கவிஞருக்கு வாய் வரைக்கும் வந்தது.

"ஆமா மாமா," என்றார்.

"அதானே. கவர்மென்ட் சுவத்துல போட்டிருக்காங்க. தெரியாமலா போடுவாங்க?"

வாழ்நாள் முழுக்க ஒரு வாசகன் கிடைக்கமாட்டானா என்று ஏங்கியவர் கவிஞர். கிடைத்தவரைப் பார்த்தபோது ஓடிவிடலாம் போலிருந்தது. மாமா இப்போது உதட்டை அசைத்துப் படித்தார். நடுவில் ஒரு நர்ஸ் வெளியே வந்தபோது பாதி எழுந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவள் போர்வைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கதவு திறக்குது பாரு, சொன்ன மாதிரியே," என்றார். "இனி அவதான் வரணும்."

"மாமா, அது வெறும் கவிதை."

"இருக்கட்டுமேப்பா."

சாயங்காலம் கதவு திறந்தது. டாக்டர் வந்தார். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டு வந்தார். முடிந்த மட்டும் பார்த்தோம் என்று ஆரம்பித்தார்.

மாமா டாக்டரைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தார். பிறகு கவிஞரை. திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வாடிக்கையாளர் வீட்டில் ஓடாத மோட்டாரைப் பார்ப்பது போல, எங்கே பிசகியது என்று தெரியாமல் பார்த்தார்.

"கண்ணாடி எங்கிட்டயே இருக்கேப்பா," என்றார். டாக்டருக்குப் பின்னால் உள்ளே போனார்.

கவிஞர் நாற்காலியை இழுத்துப் போட்டு மேலே ஏறினார். சட்டைப்பையில் இருந்த நாணயத்தைத் திருகாணியின் பள்ளத்தில் வைத்துத் திருகினார். வலப்பக்கம் இரண்டும் கழன்று வந்தன. பலகை ஒருபக்கமாகத் தொங்கியது. 'கலங்காதே' தரையைப் பார்த்துச் சரிந்தது.

"அண்ணே."

புதிதாக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண். மடியில் ஓர் ஆணின் செருப்பைப் பையில் சுற்றி வைத்திருந்தாள். பராமரிப்பு ஆள் என்று நினைத்துவிட்டாள் போலும்.

"சாஞ்சிருக்கு பாருங்க. நேரா மாட்டிட்டுப் போங்கண்ணே, படிக்க முடியலை. எங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு."

கவிஞர் நாற்காலி மேலேயே நின்றார். இது வண்டிக்கு எழுதியதும்மா என்று இவளிடமாவது சொல்லலாம். அவள் சரிந்த பலகைக்கு ஏற்பத் தலையைச் சாய்த்து, முதல் வரியைப் படிக்கத் தொடங்கியிருந்தாள்.

அவர் பலகையைத் தூக்கிப் பிடித்து, இரண்டு திருகாணியையும் பழையபடி முடுக்கினார்.

"இப்ப சரியா இருக்கா?"

"ம்," என்றாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.