வாசலில் ஒரு நாற்காலி

பெரியவரின் கால் கட்டைப் பிரித்ததும் கட்டு சிஸ்டருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நேற்று வைத்த வெள்ளைத் துணி நசுங்கி, ஊறி, மஞ்சளாய்க் கிடந்தது. பெருவிரலுக்கு அடியில் இருந்த புண் இம்மிகூட ஆறவில்லை.

"பதினோரு வாரமா தொண்டத் தண்ணி வத்தக் கத்துறேன். சர்க்கரை, பிரஷர், கிட்னி எல்லாம் இருக்கு உங்களுக்கு. கால ஊனக் கூடாதுன்னு அட்டையில கொட்டை எழுத்துல எழுதியிருக்கு. ஊர் சுத்திட்டு வர்றீங்களா பெரியவரே?"

திட்டிக்கொண்டே புண்ணை உப்புநீரால் கழுவி, செத்த தோலை எடுத்து, களிம்பைத் தடவிப் புதுக் கட்டுப் போட்டாள்.

"ரெண்டு வாரத்துல ஆறலேன்னா டாக்டர் விரல எடுத்துடுவாரு. அதோட நின்னா உங்க நல்ல நேரம்."

அவர் தலையாட்டிவிட்டு நொண்டிக்கொண்டே போனார். அவள் அடுத்த நோயாளியின் காலை இழுத்து வைத்துக்கொண்டாள். தினமும் நாற்பது கால்கள். முகத்தைப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?

மதியம் மருந்து வண்டி வந்திருக்கிறதென்று வாசலுக்குப் போனாள். காவலாளி கேட்டைத் திறந்துவிட்டு விறைப்பாக சல்யூட் வைத்தார். குனிந்தே பழகிய அவள் கண் அவர் பூட்ஸில் விழுந்தது. இடது பூட்ஸின் தையலோரம் ஈரம் கசிந்திருந்தது. நிமிர்ந்தாள். காலையில் தன்னிடம் திட்டு வாங்கிய அதே பெரியவர்.

"இங்கயா வேலை பாக்குறீங்க?"

"நாலு வருஷமா, சிஸ்டர். தினமும் உங்களுக்குக் கேட் தொறக்குறேனே."

"உக்காந்து பாக்க வேண்டியதுதானே?"

"நாற்காலிய மேனேஜர் எடுத்துட்டாரு. வாட்ச்மேன் உக்காந்தா பாக்க நல்லா இல்லையாம். பன்னெண்டு மணி நேரமும் பூட்ஸோட நிக்கணும். இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவாங்க."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஊர் சுத்துறீங்களான்னு கேட்டீங்க. எங்க வேலைன்னு கேக்கலயே, சிஸ்டர்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. உள்ளே காலை ஊன்றாதே என்று எழுதிக் கொடுப்பதும் இதே ஆஸ்பத்திரி. வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைப்பதும் இதே ஆஸ்பத்திரி. வந்த கோபத்தில் மருந்து வண்டியை அப்படியே விட்டுவிட்டாள்.

நேரே மேனேஜர் அறைக்குள் போனாள். மேசைக்கு எதிரே காலியாகக் கிடந்த மெத்தை நாற்காலியைத் தூக்கினாள்.

"என்ன பண்றீங்க? அது விசிட்டருக்கு!" என்று மேனேஜர் பின்னாலேயே ஓடி வந்தார்.

அவள் நாற்காலியை வாசலில் போட்டுப் பெரியவரை உட்கார வைத்தாள். மண்டியிட்டுப் பூட்ஸின் நாடாவைத் தானே அவிழ்த்தாள். நோயாளிகள் கூடிவிட்டார்கள்.

"வாசல்ல இப்படி உக்கார வெச்சா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்று மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"இங்க மனுஷன மனுஷனா நடத்துறாங்கன்னு நினைப்பாங்க சார். களிம்பு மட்டும் புண்ண ஆத்தாது. ஓய்வு குடுக்காம ஒருத்தரோட கால அழுக விட்டுட்டு, அப்புறம் அத வெட்டி எடுக்குறதுக்குப் பேரு வைத்தியமா? எனக்கும் சேத்துத்தான் சொல்றேன். பதினோரு வாரம் புண்ணப் பாத்தேன், அந்த ஆளப் பாக்கல."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். யாரும் நகரவில்லை. அந்த நேரம் வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. பெரியவர் பதறி எழுந்திருக்கப் போனார். அவள் அவர் தோளை அழுத்தினாள்.

"நீங்க உக்காருங்க. சார் தொறப்பாரு."

மேனேஜர்தான் போய்க் கேட்டைத் திறந்தார்.