ஒரு கை தூரம்

இந்திய அரசாங்கத்தின் நீண்ட வரலாற்றில், வீட்டை அலுவலகத்துக்குள் கால் வைக்க விடாத ஒரே மனிதன் டெல்லி ஜனக்புரி அச்சுதன்தான். இதை அச்சுதனே சொல்லியிருக்கிறான். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. பதினோரு வருஷ சர்வீஸில் குழந்தைக்கு ஜுரம், குழாயில் தண்ணீர் இல்லை என்று அவன் அரை நாள்கூட லீவு எழுதியது கிடையாது. செக்‌ஷனில் யாராவது பிள்ளைக்குக் காது என்று லீவு கேட்டால், காதில்தானே கோளாறு, கால் நன்றாகத்தானே இருக்கிறது, டாக்டரிடம் தானே நடந்து போகட்டுமே என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

அவன் வீட்டை வெளியே நிறுத்த முடிந்ததற்குக் காரணம், வீட்டுக்குள் மனைவி ஜலஜா இருந்ததுதான். அவளும் வங்கி வேலைக்குப் போகிறவள். மகள் சிந்துவுக்கு ஐந்து வயது. போன குளிர்காலம் முழுக்க இந்தக் காது, அந்தக் காது என்று மாற்றி மாற்றிச் சீழ், ஜுரம், சொட்டு மருந்து. ஜலஜாவின் கேஷுவல் லீவு ஏப்ரலைத் தாண்டவில்லை. மேனேஜர் வெங்கட்ராமன் அவளைக் கவுண்ட்டரிலிருந்து எடுத்துப் பின்னறையில் போட்டார். அடிக்கடி காலியாகிற நாற்காலி வாடிக்கையாளர் கண்ணில் படக் கூடாதாம்.

பிறகு வலி நின்றது. கூடவே, கூப்பிட்டால் திரும்புவதையும் சிந்து நிறுத்திவிட்டாள்.

இதற்காக ஐந்தாறு மாதம் யாரும் காதைக் குறை சொல்லவில்லை. ஹிந்தி கார்ட்டூன் பார்த்துத் தமிழ் மறந்துபோச்சு, அதான் தமிழில் கூப்பிட்டால் ஏறவில்லை என்றான் அச்சுதன். பள்ளிக்கூடத்து மிஸ்ஸோ, மதராசி வீட்டுப் பிள்ளை, ஹிந்தி புரியவில்லை, வீட்டில் ஹிந்தி பேசுங்கள் என்றாள். இரண்டு மொழிகளும் ஒன்றன் மேல் ஒன்று பழி போட்டுக்கொண்டிருக்க, குழந்தை நடுவில் சத்தமில்லாமல் வளர்ந்தது. கடைசியில் ஜலஜாதான் காது டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். செவிப்பறைக்குப் பின்னால் பிசின் மாதிரி நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். தானாக வற்றலாம். மூன்று மாதம் பார்ப்போம், வற்றாவிட்டால் ஆபரேஷன் செய்து சின்னக் குழாய் வைக்க வேண்டும். அதுவரை தினமும் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, மெல்லப் பேரைச் சொல்லுங்கள். திரும்புகிறாளா என்று குறித்து வாருங்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டின் சத்தமே மாறிப்போனது. டிவி அலறும். அதை அணைத்துவிட்டு ஜலஜா நிழல்போலக் குழந்தையின் பின்னால் போய் நிற்பாள். "சிந்து." உதடு அசைவது மட்டும் தெரியும். குழந்தை பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டேயிருக்கும். காலண்டரில் ஒரு பெருக்கல் குறி விழும். குழந்தையும் ரகசியக் குரலில்தான் பேசியது. அடைத்த காதுக்குத் தன் குரலே பெரிதாகக் கேட்கும் என்று டாக்டர் காரணம் சொல்லியிருந்தார். காரணம் தெரிந்ததால் ஒன்றும் நிம்மதி வந்துவிடவில்லை. சில சமயம், யாருமே கூப்பிடாதபோது, சிந்து தலையைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருப்பாள்.

"உள்ளே நடக்கிறாங்க," என்பாள்.

யாரென்று கேட்டால் தெரியாது. "செப்பல் போட்டிருக்காங்க."

அச்சுதன் இதையும் ஜலஜாவிடம் கேலியாக்கினான். "பேய் ஓட்டறவங்களைப் பாத்திருக்கேன். நீ கூப்பிட்டு உக்கார வைக்கிறே." பிறகு குழந்தைக்குப் பின்னால் அடிமேல் அடி வைத்துப் போய், உதட்டைக் குவித்து, ஜலஜாவைப்போலவே நடித்துக் காட்டினான்.

"ஒரு தடவை நிஜமா கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

"நான் கூப்பிட்டா மூணாவது மாடிக்குக் கேக்கும். எனக்கு எதுக்கு இந்த ரகசியமெல்லாம்?"

ஜலஜா பென்சிலை எடுத்துக் குறியைப் போட்டாள்.

டிசம்பரில், திங்கள்கிழமை டாக்டரை மறுபடி பார்க்க வேண்டியிருக்க, அதற்கு நாலு நாள் முன்னால், ஜலஜாவுக்கு குருகிராமில் டிரெயினிங் வந்தது. போகாவிட்டால் கவுண்ட்டரை மறந்துவிடலாம் என்றார் வெங்கட்ராமன். மதியம் பள்ளி பஸ்ஸிலிருந்து சிந்துவை அழைத்து வர ஆளில்லை. அச்சுதன் சரித்திரத்தில் முதல் தடவையாக அரை நாள் லீவு எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'பல் வலி' என்று போட்டான்.

பட்டப்பகலிலும் சந்து முழுக்கப் பனி. பஸ்ஸிலிருந்து இறங்கிய சிந்து இருபது அடி முன்னால் நடந்தாள், சிவப்புக் குல்லாய் மட்டும் தெரிந்தது. பின்னாலிருந்து அச்சுதனை உரசிக்கொண்டு ஒரு ஈ-ரிக்‌ஷா பனிக்குள்ளிருந்து வந்தது. ஹாரன் அடித்தது. குல்லாய் நடுத்தெருவிலேயே போனது.

அச்சுதன் கத்தினான். மறுபடியும் கத்தினான். மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னல் திறந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். சிந்து திரும்பவில்லை. தன் வாயிலிருந்து சத்தமே வரவில்லையோ என்று அவன் தொண்டையைத் தொட்டுப் பார்த்தான்.

ரிக்‌ஷாக்காரன் ஒடித்துத் திருப்பியதில் சக்கரம் சுவரில் தேய்ந்து நின்றது. அவன் திட்டவில்லை. "பையா, பச்சி கோ சுனாயி நஹி தேதா க்யா?" என்று, குழந்தைக்குக் காது கேட்காதா என்பதை ஒரு விலாசம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துவிட்டுப் போனான்.

அதன் பிறகுதான் சிந்து நின்றாள். தலையைச் சாய்த்தாள். மெதுவாகத் திரும்பி, அப்பாவைப் பார்க்காமல், அவன் தோளுக்கு அப்பால் இருந்த பனியைப் பார்த்து, "வரேன்," என்றாள்.

அச்சுதன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. குழந்தையின் முன்னால் மண்டியிட்டு, அவள் கண்ணுக்குத் தெரியும்படி வாயைத் திறந்து கேட்டான். "நான் கூப்பிட்டேனே, கேட்டுச்சா?"

"நீ இல்லப்பா," என்றாள் ரகசியமாக. "செப்பல் போட்டவங்க."

வீட்டில் காலண்டர் முழுக்கப் பெருக்கல் குறிகள். இன்றைய கட்டம் காலியாக இருந்தது. அச்சுதன் செக்‌ஷனுக்கு மெசேஜ் அனுப்பினான்: திங்கள்கிழமை லீவு, மகளுக்குக் காது. உடனே பதில் வந்தது: கால் நன்றாகத்தானே இருக்கிறது? கூடவே சிரிக்கும் முகங்கள் நாலு. போனை சைலன்ட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தான்.

சிந்து தரையில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவன் டிவியை அணைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டோமா என்று காலைப் பார்த்துக்கொண்டான். அடிமேல் அடி வைத்துப் போய், அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றான்.

"சிந்து."

சீப்பு நிற்கவில்லை. பென்சில் கையில்தான் இருந்தது. அவன் குறிக்கவில்லை. அதே தூரத்தில் நின்று, அதே குரலில், மறுபடியும் கூப்பிட்டான்.